பவளத்துக்கு ஏத்த பிரவுன்

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி லீவு முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. நான் வேலை பாக்கற டையிங் யூனிட், அதான் துணிக்குச் சாயம் போடற இடம், பூட்டிக் கிடக்கு. திருப்பூரே தூங்குது. எனக்குத்தான் சும்மா உட்காரத் தெரியாதே, அதனால டைரி.

இருபத்தாறு வருசமா அடுத்தவங்க பனியனுக்கும் டீ-ஷர்ட்டுக்கும் ஷேடு பாத்து ஓகே பண்றது என் பொழப்பு. எனக்குன்னு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க இப்பத்தான் நேரம் வந்திருக்கு. ஜனவரி 19 அன்னைக்கு டிரெசாஜ் போட்டி. அதாவது குதிரையும் ஆளும் ஒரு மைதானத்துல நேர்கோடு, வட்டம், நடை, ஓட்டம்னு சொன்னதைச் சொன்ன இடத்துல செஞ்சு காட்டணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவர் பத்துக்கு மார்க் போடுவார். வேகத்துக்கு மார்க் இல்லை. அடக்கத்துக்குத்தான் மார்க். என்னைத் தெரிஞ்சவங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க.

நாலு வருசத்துக்கு முன்னாடி டீ-ஷர்ட் ஆர்டர் குடுக்க வந்த ஒரு ஜெர்மன்காரப் பையர் குதிரை ஓட்டணும்னு அடம்பிடிச்சார். அவினாசி ரோட்டுல இருக்கிற குதிரைப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போனேன். பையர் ஊருக்குப் போயிட்டார், நான் அங்கேயே தங்கிட்டேன். அங்கதான் பவளம். செவலைக் குதிரை, பொட்டை, ஒன்பது வயசு. ரேஸ்ல தோத்துத் தோத்து வந்தவ.

இன்னைக்குப் பள்ளிக்காரர் ஈஸ்வரமூர்த்தி அண்ணன் கூப்பிட்டு உட்கார வெச்சார். "தப்பா எடுத்துக்காதீங்க அம்சவேணி. ஒரு பொண்ணு வருதுங்க, பதினஞ்சு வயசு. ஜூனியர் நேஷனல் போகணும்னு ஆசை. அவங்கப்பா பவளத்தைக் கேக்கறாரு. நீங்க பத்தொன்பதாம் தேதி அறுபது பர்சென்ட் எடுத்துக் காட்டிட்டீங்கன்னா குதிரை உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லைன்னா நான் அவருக்கு என்ன பதில் சொல்றது, சொல்லுங்க?"

எடுத்துக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பவளம் மேல வேற ஒருத்தி ஏறி ஓட்டறதைப் பாக்க என்னால ஆகாது. அவ்வளவுதான் விசயம்.

நவம்பர் 7, வியாழன்

கோச் ரெபேக்காகூட இன்னைக்குச் சண்டை. ஊட்டிக்காரப் பொண்ணு, இருபத்தெட்டு வயசு. நான் அவளுக்கு அக்கா, ஆனா மைதானத்துல இறங்கிட்டா அவதான் எனக்கு அம்மா மாதிரி அதட்டுவா.

"கறுப்பு சேணம், கறுப்பு கடிவாளம், கறுப்பு பூட்ஸ். யோசிக்கவே வேண்டாம் அக்கா. எல்லாரும் அதுதான்."

"எல்லாரோட குதிரையும் பவளம் இல்லை கண்ணு. செவலை மேல கறுப்பைப் போட்டா செங்கல் சுவத்துல தார் அடிச்ச மாதிரி இருக்கு."

"பிரவுன் விதிப்படி ஓகே. ஆனா சேணம், கடிவாளம், பூட்ஸ் மூணும் ஒரே பிரவுனா இருக்கணும். மூணு பிரவுன் வந்துச்சுன்னா பாக்கச் சகிக்காது."

யாருகிட்ட வந்து யாரு சொல்றது! பிரவுன்னு ஒரு நிறமே கிடையாதுடி அம்மா. புளி, கருப்பட்டி, காபித்தூள், முந்திரித் தோல், நனைஞ்ச மண்ணு, காஞ்ச மண்ணு, எல்லாம் பிரவுன்தான். பெங்களூர்ல ஒருத்தங்க ஓட்டறதை நிறுத்திட்டாங்களாம், அவங்க விக்கற சேணம் கருப்பட்டி நிறத்துல இருக்கு. போட்டோ அனுப்பினாங்க. போட்டோவுல ஷேடு பாத்து முடிவு பண்றவ இல்லை நான். தோலோட ஓரத்துல ஒரு துண்டு வெட்டி கூரியர்ல அனுப்பச் சொன்னேன். ரெபேக்கா தலையில கை வெச்சுட்டா.

நவம்பர் 17, ஞாயிறு

சேணமும், அதே தோல்ல கடிவாளமும் வந்தாச்சு. சேணத்தைப் பவளம் முதுகுல வெச்சுப் பாத்தேன். அடடா! சேணம் எங்க முடியுது, குதிரை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை.

இடது கை வளையலைக் கழட்டி வெச்சுட்டேன். புது சேணத்துல கீறல் விழும். இவர், என் வீட்டுக்காரர், கேட்டார், "வலது கை வளையல் கீறாதா?" சென்னியப்பனுக்கு வக்கீல் வேலை இல்லை, நூல் மில் வேலைதான். ஆனா கேள்வி மட்டும் கோர்ட்டுல கேக்கற மாதிரி இருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

பூட்ஸ் சென்னையில செய்யறாங்க. கெண்டைக்கால் அளவு, முழங்கால் உயரம் எல்லாம் குடுத்தாச்சு. செய்யறவர் ஆறு தோல் துண்டு அனுப்பினார். யூனிட்ல லைட் பாக்ஸுக்குள்ள சேணத் துண்டு பக்கத்துல வெச்சுப் பாத்தேன். மூணாவது துண்டு கடை டியூப் லைட்டுல அச்சு அசல். பகல் வெளிச்சத்துக்கு மாத்தினா செக்கச் செவேல்னு ஆகுது. இதுக்குத்தான் லைட் பாக்ஸ். ஒரு வெளிச்சத்துல ஒண்ணா இருக்கறது இன்னொரு வெளிச்சத்துல காட்டிக் குடுத்துடும். அஞ்சாவது துண்டை ஓகே பண்ணினேன். சேணம், பூட்ஸ், குதிரை, எல்லாம் ஒரே குடும்பம்.

கையுறை மட்டும் பாக்கி. ரெபேக்கா ஒரு ஜோடி பரிசாக் குடுத்தா. வெள்ளை, காட்டன் பின்னல்.

"வெள்ளை எதுக்கு கண்ணு? பிரவுன் போட்டுக்கறேனே."

"டிரெசாஜ்ல வெள்ளைதான் அழகு அக்கா. கை ஆடாம இருக்குன்னு நடுவருக்குத் தெரியணும். கை ஆடறவங்கதான் கறுப்போ பிரவுனோ போட்டு மறைப்பாங்க. உங்களுக்கு என்ன பயம்?"

எனக்கு ஒரு பயமும் இல்லை. மொத்தம் பிரவுன்ல இருக்கும்போது நடுவுல ரெண்டு வெள்ளை உறுத்தும். நிறப் பொருத்தம்தான் காரணம். அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன்.

டிசம்பர் 2, திங்கள்

காபி கொட்டிருச்சு. புது டம்ளர், வழுக்குது.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்னைக்கு இடது பக்க வட்டம் ரொம்ப நல்லா வந்துச்சு. இத்தனைக்கும் லகானை நான் சரியாப் பிடிக்கவே இல்லை. இடுப்பைத் திருப்பினேன், அவ திரும்பினா. காதை மட்டும் பின்னால சாய்ச்சு என்னைக் கேட்டுட்டே போறா. என் தங்கம்!

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இவர் என் இடது பக்கமே பாத்துட்டு இருந்தார். நான் கையை மடியில வெச்சு மேல துண்டைப் போட்டிருந்தேன். குளிர், மார்கழி பொறக்கப் போகுது.

"கையைக் காட்டு அம்மிணி."

"வேலை கிடக்குதுங்க."

"சாப்பிடற நேரத்துல என்ன வேலை?"

எந்திரிச்சுப் போயிட்டேன். ரசம் ஊத்திக்கலை. அவரும் ஊத்திக்கலை போல, சட்டி அப்படியே இருந்துச்சு.

டிசம்பர் 15, ஞாயிறு

பூட்ஸ் வந்துருச்சு. வெயில்ல, நிழல்ல, லாயத்து பல்பு வெளிச்சத்துல, மூணுலயும் பாத்தேன். சேணத்தோட ஒட்டிப் பொறந்தது மாதிரி இருக்கு. ஈஸ்வரமூர்த்தி அண்ணனே வந்து நின்னு பாத்துட்டு, "பணக்காரக் குதிரை மாதிரி இருக்குதுங்க"ன்னார். கூடவே அந்தப் பொண்ணோட அப்பாவும் நின்னார். பவளத்தோட காலைத் தடவிப் பாத்தார். எனக்கு வயித்தெரிச்சல்.

பூட்ஸ் ஜிப் போடத்தான் நேரமாச்சு. ஜிப் டைட்டா இருக்கு. ரெபேக்கா குனிஞ்சு போட்டுவிட்டா.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்னைக்கு நான் செஞ்ச காரியத்தை எங்க யூனிட்ல யாராவது செஞ்சிருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்.

லேப்ல யாரும் இல்லை. ரெபேக்கா குடுத்த வெள்ளைக் கையுறையை எடுத்துட்டுப் போய் சாயம் போட்டுட்டேன். மூணு சாயம் கலந்து, நாலு ட்ரையல், சேணத்தோட ஷேடு. அப்படியே வந்துச்சு. கடையில காசு குடுத்தாலும் கிடைக்காத பிரவுன். சந்தோசத்துல விசில் அடிச்சேன், நிஜமாவே.

சாயம் போட்ட பின்னாடி சோப்புத் தண்ணியில கொதிக்க வெச்சு ரெண்டு மூணு தடவை அலசணும். ஒட்டாத சாயம் அப்பத்தான் வெளிய போகும். முதல் தடவை பீக்கர் கை தவறி உடைஞ்சிருச்சு. ரெண்டாவது பீக்கரும் சிங்க்ல விழுந்துச்சு, நல்லவேளை உடையலை. எரிச்சல் வந்துருச்சு. பச்சைத் தண்ணியில ஒரு அலசு அலசிக் காயப் போட்டுட்டு வந்துட்டேன். ஒரு ஜோடி கையுறைக்கு இவ்வளவு போதும்.

ஜனவரி 5, ஞாயிறு

பிரவுன் கையுறை போட்டு ஓட்டினேன். கையே தெரியலை. குதிரையோட கழுத்துல கரைஞ்சு போச்சு. ரெபேக்காவுக்குக் கோபம். "நான் ஆசையா குடுத்ததை சாயம் போட்டுட்டீங்களே!" அப்புறம் தூரத்துல போய் நின்னு பாத்துட்டு, "சரி, கை ரொம்ப அமைதியா இருக்கு அக்கா"ன்னா. இடது கையை சேணத்தோட முன்பக்கத்துல அழுத்தி வெச்சுக்கிட்டா நல்ல பிடிமானம் கிடைக்குது. புத்தகத்துல இல்லாத முறைதான். கண்டுபிடிச்சவ நான்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதணுமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

இன்னைக்கு முழு ஒத்திகை. கோட்டு, சந்தன நிறப் பேண்ட், பிரவுன் பூட்ஸ், சேணத்துக்கு அடியில போட்டிக்குன்னு வாங்கின புது வெள்ளைத் துணி. பதினோரு மணி வெயில். எனக்கும் பவளத்துக்கும் வேர்த்துக் கொட்டுச்சு. கடைசியில நடுவருக்கு வணக்கம் வெக்கணும். லகானை இடது கையில சேர்த்துப் பிடிச்சு, வலது கையைத் தொங்கவிட்டுத் தலை குனியணும். நான் மாத்தி, லகானை வலது கையில பிடிச்சேன். ரெபேக்கா நோட்டுல குறிச்சுக்கிட்டா.

இறங்கி நான் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா, ரெபேக்கா சேணத்தைக் கழட்டி, அந்த வெள்ளைத் துணியைக் கையில விரிச்சுப் பிடிச்சுட்டு நிக்கறா.

வலது பக்கம் ஒரே ஒரு சாயத் தீத்தல். இடது பக்கம் பிரவுன் புள்ளி. சின்னச் சின்னதா, நெருக்கமா, நூறு இருநூறு புள்ளி, விசிறி மாதிரி விரிஞ்சு. அரை மணி நேரம் ஒரு கை நிக்காம தட்டிட்டே இருந்தா எப்படி இருக்குமோ அப்படி.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. சாயத் துணி மேல ஈர வெள்ளைத் துணியை வெச்சுத் தேய்ப்போம். சாயம் ஒட்டினா அந்த லாட் ரிஜெக்ட். எத்தனை ஆயிரம் வெள்ளைத் துணியை இந்தக் கண்ணால பாத்திருப்பேன். ஒண்ணுகூட இவ்வளவு தெளிவா இருந்ததில்லை.

"எத்தனை நாளா அக்கா?"

"சாயம் சரியா அலசலை கண்ணு."

"நான் சாயத்தைக் கேக்கலை."

பவளம் கழுத்தை நீட்டி அந்தத் துணியை மோந்து பாத்தா. நான் அவ கழுத்துல முகத்தை வெச்சுட்டு அழுதேன். நல்லா, சத்தமா அழுதேன். ஏழு மாசமா கை ஆடுதுங்கறதைச் சொல்லிட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. யூனிட் அரை நாள். ரெபேக்கா போன் பண்ணி வரச்சொன்னா. நான் போனப்போ அவளே பவளம் மேல ஏறி ஓட்டிட்டு இருந்தா. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னா.

"இவ இடது லகானுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்கறா அக்கா. இழுத்தாலும் சரி, விட்டாலும் சரி, அந்தப் பக்கமே காது இல்லை. ஆனா இடுப்பை ஒரு இம்மி திருப்பினா உடனே திரும்பறா. உங்க கை சும்மா தட்டுது, அதுல சேதி ஒண்ணும் இல்லைன்னு இவளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. அதை விட்டுட்டு உங்க உடம்பைக் கேட்டுப் பழகிட்டா."

ஊருக்கெல்லாம் மறைச்சேன். இவகிட்ட மறைக்கணும்னு தோணவே இல்லை. தோணியிருந்தாலும் எங்க மறைக்கறது, லகானோட மறுமுனை இவ வாயிலதான இருக்கு.

"பத்தொன்பதாம் தேதிக்கு என்ன பண்றது?"ன்னு கேட்டேன்.

"ஓட்டறீங்க. முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வாங்க. ஓட்டலாம்னு அவர் சொல்லணும்." அப்புறம் ஒரு கவரை நீட்டினா. புது வெள்ளைக் கையுறை. "இதுக்கும் சாயம் போட்டீங்க, கொன்னுடுவேன்."

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பானை பொங்கற நேரத்துல இவர்கிட்ட கையைக் காட்டினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். பால் வழிஞ்சு அடுப்பு அணைஞ்சே போச்சு. "ஆடி மாசத்துல இருந்தே பாத்துட்டுத்தான் இருக்கேன் அம்மிணி. நீயே சொல்லட்டும்னு இருந்தேன்"னார். அவருக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு, புகைன்னு சொன்னார்.

ஜனவரி 17, வெள்ளி

கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணை மூடி நிக்கச் சொன்னார். வியாதிக்கு ஒரு பேர் சொன்னார். அந்தப் பேரை இன்னைக்கு எழுதலை, அப்புறம் எழுதிக்கலாம். மாத்திரை குடுத்திருக்கார். குதிரை ஓட்டலாமான்னு இவர்தான் கேட்டார். ஓட்டலாம், ஹெல்மெட் போட்டு, பக்கத்துல ஆள் இருக்கும்போதுன்னார் டாக்டர். வர்ற வழியில ரெண்டு பேரும் கரும்பு வாங்கிக் கடிச்சுட்டே வந்தோம்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில ஆறு மணிக்கு பவளத்துக்குப் பிடரி பின்னினேன். பாதி நான், பாதி ரெபேக்கா. பிரவுன் சேணம், பிரவுன் கடிவாளம், பிரவுன் பூட்ஸ், கறை பட்ட வெள்ளைத் துணிக்குப் பதிலா பிரவுன் துணி. மூணு மாசமா பாத்துப் பாத்துப் பொருத்தினது இன்னைக்குத்தான் வேலையைக் காட்டுச்சு. எல்லாம் ஒரே நிறத்துல ஒடுங்கிப் போச்சு. மைதானத்துலயே பளிச்சுனு தெரிஞ்சது என் ரெண்டு வெள்ளைக் கைதான். இதைவிட நல்லா யாரும் அதைக் காட்டியிருக்க முடியாது.

உள்ள போனோம். ஈஸ்வரமூர்த்தி அண்ணன், அந்தப் பொண்ணு, அவங்கப்பா, எல்லாரும் வேலி ஓரத்துல. இவரும் நின்னார், செருப்பைக் கழட்டிட்டு, கோயில்ல நிக்கற மாதிரி. நேரா நடந்தோம். வட்டம் போட்டோம். வலது பக்க ஓட்டத்துல மைதான ஓரத்துல அடையாளத்துக்கு வெச்சிருக்கற ஒரு எழுத்தைத் தாண்டித் திருப்பிட்டேன், அது என் தப்பு. இடது கை தட்டிட்டேதான் இருந்துச்சு. அழுத்தி வெக்கலை. பவளம் தலையை ஒரு தடவைகூட ஆட்டலை.

கடைசியா நடுவருக்கு முன்னாடி வந்து நின்னோம். லகானை இடது கையில சேர்த்தேன். ஊர் முறைப்படி. வலது கையைத் தொங்கவிட்டேன். குதிரை மொத்தமும் அந்த ஒத்தக் கையில. வெள்ளைக் கையுறை காத்துல இலை ஆடற மாதிரி ஆடுது, லகான் நுனி ஆடுது. பவளம் நாலு காலையும் சதுரமா ஊன்றி, கல்லாட்டம் நின்னா. நான் தலை குனிஞ்சேன். நிமிர்ந்தப்போ அந்த நடுவரம்மா எந்திரிச்சு நின்னு பதில் வணக்கம் வெச்சாங்க.

ஐம்பத்தெட்டு புள்ளி மூணு பர்சென்ட்.

அறுபது இல்லை. மார்க் தாளோட அடியில நடுவரம்மா எழுதியிருந்தாங்க: "ஓட்டுநரின் இடது கை நிலையாக இல்லை. குதிரை அதைப் பொருட்படுத்தவில்லை."

அந்த ரெண்டாவது வரியை இவர் மூணு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஜனவரி 25, சனி

ஒரு வாரமா லாயத்துப் பக்கம் போகலை. சொன்ன வார்த்தை சொன்னதுதான, அறுபது எடுக்கலை. நாளைக்கு அந்தப் பொண்ணு பவளத்தை ஓட்டிப் பாக்குதாம். சேணத்தை நல்லாத் துடைச்சு எண்ணெய் போட்டேன். கூடவே குடுத்துடலாம், பவளத்துக்குன்னே பாத்த நிறம், வேற எந்தக் குதிரைக்கும் பொருந்தாது.

ஜனவரி 26, ஞாயிறு

சேணத்தைக் குடுக்கத்தான் போனேன்.

பாவம் அந்தப் பொண்ணு. நல்லா ஓட்டுது, கை அப்படியே சிலை. இடது லகானை அழகா, புத்தகத்துல இருக்கற மாதிரி இழுத்துத் திரும்பச் சொல்லுது. பவளம் நேராப் போறா. மறுபடி சொல்லுது. மறுபடி நேராப் போறா. மைதானத்தை விட்டு வெளிய வந்து, புல்லுக்கட்டு வரைக்கும் போய், தின்ன ஆரம்பிச்சுட்டா. ரெபேக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா, தோள் மட்டும் குலுங்குது.

பொண்ணோட அப்பா கேட்டார், "இதைச் சரி பண்ண எத்தனை நாளாகும்?"

"ஆறு மாசம் ஆகலாம் சார். மறுபடி முதல்ல இருந்து பழக்கணும்"ன்னா ரெபேக்கா. உண்மையைத்தான் சொன்னா. ஜூனியர் நேஷனலுக்கு அவருக்கு மார்ச்சுக்குள்ள ஒரு குதிரை வேணும்.

அவங்க போன பின்னாடி ஈஸ்வரமூர்த்தி அண்ணன் என்னை முறைச்சார். "ஏனுங்க அம்சவேணி, கெடுத்தது நீங்க. நீங்களே வெச்சுக்குங்க."

சேணத்தை அவ முதுகுல வெச்சுக் கட்டினேன்.

ரெபேக்கா பெங்களூருக்கு சாமான் ஆர்டர் போடறாளாம், ஏதாவது வேணுமான்னு கேட்டா. வெள்ளைக் கையுறை ரெண்டு ஜோடின்னேன்.

வளையலை இடது கையில மறுபடி போட்டுட்டேன். அந்தக் கைதான் இப்ப டைரியோட ஓரத்தைப் பிடிச்சுட்டு இருக்கு. வளையல் சத்தம் போட்டுட்டே இருக்கு. போடட்டும்.